கிழிந்த பாய்க்கு மாற்று

மாங்கெரே, ஆக்லாந்து
மார்ச் 4

அன்புள்ள லூபே,

இந்த ஞாயிற்றுக்கிழமையையும் கண் விழித்துப் பார்க்க வைத்த ஆண்டவருக்கு நன்றி. நான் நலம், முழங்காலைத் தவிர. அதற்கு ஜூலையில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவையும் இதையே கேட்டேன். நீ தென்னங்கன்று வைத்த கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தாய்.

துக்கத்துக்கு இடுப்பில் கட்டுகிற பாய்க் கட்டு வந்து சேர்ந்தது. நன்றாக வெயிலில் போட்டிருக்கிறாய், துறைமுகச் சோதனைக்காரர்கள் ஒரு வண்டைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நீயே பின்னிய வெள்ளைப் பாய், ஓரத்தில் சிவப்பு நூல் வைத்தாயே, அதைப் பார்த்தால் விற்க மனசு வரவில்லை. அது இருக்கட்டும். கட்டின் நடுவில் தாத்தா சாவுக்கு அப்பா கட்டிய பழைய பாய் இருக்கிறது. காது வரைக்கும் மறைக்கும் அந்தப் பெரிய கிழிசல் பாய். அதை யாரும் தொட்டாலே கத்துவாரே, எப்படிக் கொடுத்தார்?

இங்கே துக்கத்துக்குக் குறைவில்லை, அதனால் வியாபாரத்துக்கும் குறைவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும். போன வாரம் ஹாமில்டனிலிருந்து ஒரு பையன் இணையச் சந்தையில் என் கடையைப் பார்த்துவிட்டு, வெள்ளைவெளேரென்று மெல்லிசாக இருக்கிற இடுப்புப் பாய்தான் வேண்டும் என்று ஆர்டர் போட்டான். விடுவேனா? எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டேன். செத்தது யார், அவர் உனக்கு என்ன முறை? அப்பாவாம். எனக்கு வந்ததே கோபம். “அப்பனுக்குப் பிள்ளை கிழிஞ்ச பாயிலதான் நிக்கணும். நல்ல பாய் கட்ட வேண்டியது உங்க அத்தை. அவங்கதான் உங்கப்பாவுக்கு மேல. நீ கட்டினா, அப்பனவிட நான் ஒசத்தின்னு ஊருக்குச் சொன்ன மாதிரி” என்று எழுதி, கிழிசலைத்தான் அனுப்பினேன். சாவு முடிந்து அவன் அம்மா போன் செய்து அழுதாள். தாய்மாமன் செத்தால் நல்ல பாய், சித்தப்பா செத்தால் கிழிசல் பாய் என்பதெல்லாம் இங்கே பிறந்ததுகளுக்கு எங்கே தெரிகிறது? இரண்டு பேரும் அங்கிள்.

சந்தைக்காரர்கள் ஏதோ அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். மே மாதத்திலிருந்து அதிகாரபூர்வ விற்பனையாளர் அவர்களாம். அப்படியென்றால் நான் யார் என்று தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
ஃபூசி

லெய்மாடுஆ, வவாவு தீவு
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நாங்கள் எல்லாரும் சுகம். உன் முழங்கால் சுகப்பட ஜெபிக்கிறோம். ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போட்டுவிடாதே. இரண்டு தடவை தள்ளிப்போட்டு நீ நொண்டியது போதும்.

அப்பா நன்றாக இருக்கிறார். சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னைத் திட்டுகிறார், வேறென்ன வேண்டும்? தென்னங்கன்றில் ஒன்றைப் பன்றி தின்றுவிட்டது.

பழைய பாயை அவரேதான் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்றார். நீ அதை மற்றதோடு சேர்த்துக் கடையில் படம் போட்டு வை. அவசரப்பட்டு யாருக்கும் தள்ளிவிடாதே, கேட்டு வருகிறவர் வருவார்.

அதிகாரபூர்வ விற்பனையாளர் என்றால் நல்லதுதானே? நீ வரிக் கணக்கு எழுதும் மாதத்தில் உன்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. இனி அவர்களே வரி கட்டிவிட்டுப் போகட்டும். ஆமாம், ஒன்று கேட்க வேண்டும். வாங்குகிறவர்கள் பெயர் உனக்குத் தெரியும் அல்லவா? அதில் மாற்றம் இல்லையே?

உன் அன்புத் தங்கை,
லூபே

மாங்கெரே
மே 12

அன்புள்ள லூபே,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்? இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் பெட்டியிலேயே வைக்கிறேன். மாட்டிறைச்சி டின், சோப்பு, அப்பாவுக்கு இரண்டு கம்பளிச் சட்டை இருக்கின்றன. டின்னை எல்லாம் சர்ச்சுக்குக் கொடுத்துவிடாதே.

அறிவிப்பின் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. என்னிடம் வாங்குகிறவன் என்னிடம் வாங்கவில்லையாம். சந்தையிடம் வாங்குகிறானாம். நான் சந்தைக்குச் சரக்குப் போடுகிறவளாம். ரசீதில் அவர்கள் பெயர், பார்சல் மேல் அவர்கள் பெயர். வரியை அவர்கள் கட்டுகிறார்கள், அது உண்மைதான், நீ சொன்னது போல அந்தத் தலைவலி போயிற்று. கூடவே தலையும் போயிற்று. வாங்குகிறவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் தெரியாது. நீ கேட்டாயே, இதுதான் பதில். ஒரு எண் மட்டும் வருகிறது. பாயை நான் அவர்கள் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து அவர்கள் அனுப்புவார்கள். செய்தி அனுப்பும் இடத்தையும் மூடிவிட்டார்கள். செத்தது யார் என்று நான் யாரிடம் கேட்பேன், அந்த எண்ணிடமா?

பக்கத்துத் தெருவில் நியூயே தீவுக்காரி தொப்பி விற்கிறாளே, அவளுக்கு ஒரே சந்தோஷம். தலையில் வைத்தால் தொப்பி, யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

அவர்களுக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பையன், ரொம்ப மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. பொருளின் நிலை என்ன என்று கேட்கும் இடத்தில் புதிது, கிட்டத்தட்டப் புதிது என்று இரண்டுதான் இருக்கிறது, கிழிந்தது என்று ஒன்று போட்டுக் கொடு என்றேன். கிழிந்த பொருளை நாங்கள் விற்க மாட்டோம் என்றான். கிழிந்திருப்பதால்தான் வாங்குகிறார்கள் என்றேன். அப்படியானால் தள்ளுபடி போடலாமா என்று கேட்கிறான். “தம்பி, அது பழுது இல்ல, மரியாதை. செத்தவரு முன்னால நான் ஒண்ணுமே இல்லன்னு சொல்ற துணி அது” என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றான்.

கிழிசல் பாய்களையெல்லாம் கிட்டத்தட்டப் புதிது என்று போட்டு வைத்திருக்கிறேன். என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள், அதுவும் சாவு விஷயத்தில்.

உன் அக்கா,
ஃபூசி

லெய்மாடுஆ
ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் காத்து வருகிறார். உன் பெட்டி ஒன்று வருவதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. கப்பல் நூகு அலோஃபாவிலேயே நிற்கிறதாம், இயந்திரம் பழுது. எங்கள் கடைகளில் மாவுகூட இல்லை. மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது, கவலைப்படாதே.

அப்பா முன்னைவிட அதிகமாகத் தூங்குகிறார். வயது என்றால் அப்படித்தான். அலிசி அத்தை தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அவள் எதற்குத் தினமும் வருகிறாள் என்று நீ கேட்பாய். பொழுது போகவில்லை, வருகிறாள்.

பெரிய பாய் விற்றதா? யாராவது கேட்டு வந்தால், கோபப்படுவதற்கு முன் பெயரைப் பார். பெயரைப் பார்த்தபிறகும் கோபப்படாதே. வேறு ஒன்றுமில்லை.

ஆபரேஷனுக்கு முன் நன்றாகச் சாப்பிடு. தள்ளிப்போடாதே.

உன் தங்கை,
லூபே

மாங்கெரே
ஜூலை 3

அன்புள்ள லூபே,

ஆண்டவர் பொறுமை தரட்டும். கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் தரவில்லை. அப்பா தூங்கட்டும், குளிருக்கு நல்லது. நாளை மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் படுக்கிறேன்.

எந்தப் பெயரைப் பார்க்கச் சொல்கிறாய்? பெயரே வருவதில்லை என்று பெட்டியில் வைத்த கடிதத்தில் எழுதியிருக்கிறேன். கப்பலில் கிடக்கிறது போல. நீ ஏதோ மறைக்கிறாய் என்று தோன்றுகிறது, ஆனால் அதைத் தோண்ட இப்போது எனக்கு நேரமில்லை.

அப்பாவின் பாய்க்குப் போன வாரம் ஆர்டர் வந்தது. யார் என்று தெரியாது. எண்தான். படத்தில் உள்ளதே வேண்டும் என்று குறித்திருந்தது. யாரோ விஷயம் தெரிந்தவர்தான் என்று எனக்குச் சந்தோஷம். அழகாகச் சுருட்டிக் கிடங்குக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் கடிதம்: பொருள் கடுமையாகச் சேதமடைந்துள்ளது, பல இடங்களில் கிழிசல், ஓரம் முழுவதும் பிரிந்துள்ளது. வாடிக்கையாளருக்கு உடனே நல்ல நிலையில் மாற்றுப் பொருள் தர வேண்டும், இல்லையென்றால் கடை முடக்கப்படும். சேதப் பொருளை வந்து எடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும்.

குப்பைக்கு, லூபே. தாத்தாவுக்குக் கட்டிய பாய்.

போன் போட்டேன். இந்தத் தடவை ஒரு பெண். வாங்கியவரை ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள், செத்தது யார், என்ன முறை, அவ்வளவுதான் என்று கெஞ்சினேன். வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்றாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. நல்ல நிலையில்தானே வேண்டும், இந்தா என்று, சிவப்பு ஓரம் வைத்த உன் வெள்ளைப் பாயை எடுத்துச் சுருட்டி அனுப்பிவிட்டேன். அதைவிட நல்ல நிலை இந்த நாட்டிலேயே கிடையாது. கட்டுகிறவன் அவமானப்பட்டால் அதிகாரபூர்வ விற்பனையாளரைப் போய்க் கேட்கட்டும்.

அப்புறம் நொண்டி நொண்டி இரண்டு பஸ் மாறிக் கிடங்குக்குப் போய் அப்பாவின் பாயை மீட்டு வந்தேன். கராஜில் தொங்குகிறது. இனி அதை யாருக்கும் விற்பதாக இல்லை.

உன் அக்கா,
ஃபூசி

லெய்மாடுஆ
ஜூலை 29

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது?

போனில் சொன்னதுதான். அப்பா கஷ்டப்படாமல் போனார். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போனில் அழுதது இங்கே எல்லாருக்கும் கேட்டது, ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். பிறகு லைன் போய்விட்டது. அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

செமீசி வந்தான். அம்மா சாவுக்கு வராத நம் அண்ணன், உனக்குத் தம்பி, பதினோரு வருடம் கழித்து வந்தான். விமான நிலையத்திலிருந்து நேராக. வீட்டுக்குள் வரவில்லை. கிழிசல் பாய் கட்டினவர்கள் வேலை செய்கிற மண்ணடுப்புப் பக்கம் போய், கிழங்குக் கூடையைத் தூக்கினான். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் இடுப்பில் வெள்ளைப் பாய். அத்தை இடுப்பில் இருந்ததைவிட நல்ல பாய்.

அலிசி அத்தை அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். “ஒங்கப்பனவிட நீ ஒசந்தவனாடா? பெத்தவளுக்கு வராதவன், பெத்தவனுக்கு இப்படித்தான் வருவியா?” என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். போடா என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்கு இப்போது மனசு நிறைந்திருக்கும்.

லூபே

மாங்கெரே
ஆகஸ்ட் 15

லூபே,

ஆண்டவர் உன்னையும் என்னையும் காக்கட்டும். கால் வலிக்கிறது. அதைவிட உன் கடைசி வரி வலிக்கிறது. என் மனசு எதற்கு நிறைய வேண்டும்? அப்பாவைக் குழியில் இறக்கும்போது நான் இங்கே காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் அவ்வளவு முடியாமல் இருந்தார் என்று ஒரு கடிதத்திலாவது எழுதினாயா? பன்றி தின்ற தென்னங்கன்றைப் பற்றி எழுதினாய்.

அந்தச் செமீசியை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. அம்மா சாவின்போது அவனிடம் விசாக் காகிதம் இல்லை, பிரிஸ்பேனை விட்டு வந்தால் திரும்ப முடியாது, அதனால் வரவில்லை. அதையாவது நான் உள்ளுக்குள் மன்னித்து வைத்திருந்தேன். அப்பாதான் என் சாவுக்கும் வராதே என்று சொல்லிவிட்டார். வந்தவன் வந்தான், அத்தைக்குச் சமமாகப் பாய் கட்டிக்கொண்டா வருவான்? அவனுக்கா தெரியாது? ஹாமில்டன் பையனுக்குத் தெரியாது, சரி. இவன் அந்த மண்ணடுப்புப் புகையிலேயே வளர்ந்தவன்.

சின்ன வயதில் அப்படி இல்லை. அக்கா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவே தெரியாதவன். குடற்பூச்சி மருந்து என்று நினைத்து நான் தவறாக எதையோ கரைத்துக் கொடுத்தபோதுகூட, முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு, வெளியே போய் வாந்தி எடுத்தான். வயதுக்கு வந்தபிறகு, அக்கா தங்கை இருக்கும் அறைக்குள் ஆண் பிள்ளை போகக்கூடாது என்ற நம் முறைப்படி நான் இருக்கும் அறைக்குள் வரமாட்டான், வாசலில் நின்றே பேசுவான். அந்தப் பிள்ளை எங்கே போயிற்று?

அவன் பெயரை இனி என்னிடம் எழுதாதே.

ஃபூசி

லெய்மாடுஆ
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அவன் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொண்டு படி.

பெட்டி அப்பாவின் சாவுக்கு முந்தின நாள்தான் வந்தது. உன் ஜூலைக் கடிதமும் அதே வாரம். துக்க வீட்டில் யார் பிரித்துப் படிப்பது? இரண்டையும் நேற்றுதான் படித்தேன். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. நெய்ஆஃபு டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொன்னால் ஆபரேஷனை விட்டுவிட்டு ஓடி வருவாய், சொல்லாதே என்றார். செமீசியை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வராதே என்று சொன்ன வாயால் எப்படி வா என்று சொல்வேன் என்றார். நாலு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து அந்தப் பாயை எடுத்தார். “இத ஃபூசி கடைக்கு அனுப்பு. வேணும்ங்கறவன் வாங்கிக் கட்டிக்கட்டும்” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

நான்தான் செமீசிக்குச் சொன்னேன். அக்கா கடையில் அப்பா பாய் இருக்கிறது, உன் பெயரில் வாங்கு. அக்கா பெயரைப் பார்ப்பாள், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை உன்னிடமும் கேட்பாள், நீ அப்பாவின் நிலைமையைச் சொல், அவளுக்கு மனசு இளகிவிடும் என்று சொன்னேன். உன்னிடம் நானே சொல்லியிருக்கலாம். அவனே கேட்டு வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று அவன் இடுப்பில் சிவப்பு ஓரத்தைப் பார்த்தேன். என் கைப் பின்னல் எனக்குத் தெரியாதா? பெயரைப் பார்த்துவிட்டு, அவனை ஊர் முன்னால் குறுக வைக்கத்தான் நீ அதை அனுப்பினாய் என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் அந்த வரியை எழுதினேன். நீ பெயரையே பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அவன் போன் எண்ணை மாற்றிவிட்டான். பழைய எண் எடுக்கவில்லை. நவம்பரில் துக்கம் முடிக்க அப்பாவின் குழிமேல் கருங்கூழாங்கல் இடுகிறோம். அதற்காவது அவன் வர வேண்டும். சந்தைக்காரர்களிடம் அவன் முகவரி இருக்கும், வாங்கிவிடு.

உன் தங்கை,
லூபே

மாங்கெரே
செப்டம்பர் 21

அன்புள்ள லூபே,

ஆண்டவர் உன்னைச் சுகமாக வைக்கட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அனுப்பிய கை என் கை. ஆத்திரத்தில் சுருட்டி அனுப்பினேன், யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல்.

சந்தைக்குப் போன் போட்டேன். மறுபடியும் அந்த மரியாதைக்காரப் பையன். ஜூலையில் நான் அனுப்பிய பாய், எண்ணைச் சொன்னேன், வாங்கியவரின் முகவரி வேண்டும் என்றேன்.

“மன்னிக்கணும் மேடம். அவர் எங்க வாடிக்கையாளர்” என்றான்.

“அவன் என் தம்பி” என்றேன்.

இருந்தாலும் தர முடியாது என்றான். பாவம், அவன் என்ன செய்வான், அவனுக்கு மேலே யாரோ, அவருக்கு மேலே யாரோ. அவன்மேல் கத்தவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலிமேல் கத்தினேன்.

அப்புறம் நம் பாஸ்டர் மனைவியிடம் சொன்னேன். அவள் பிரிஸ்பேன் பக்கம் லோகனில் இருக்கிற பாஸ்டர் மனைவிக்குப் போன் போட்டாள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் செமீசியின் எண், முகவரி, அவன் சர்ச்சில் எந்த வரிசையில் உட்காருகிறான் என்பது வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை பெரிய கம்பெனி ஒளித்து வைத்த ஆளை.

அவனோடு பேசினேன். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டேன், வேறு எதுவும் வரவில்லை. பிறகு அந்தப் பாயைத் தெரிந்தும் ஏன் கட்டினாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆர்டர் போடறப்ப குறிப்பு எழுத எடம் இருந்துச்சு. அக்கா, நான் செமீசி, அப்பாவுக்கு முடியலயாம், அவர் பாய எனக்கு அனுப்புங்கன்னு எழுதினேன். நீங்க ஒண்ணும் கேக்கல. பார்சல் வந்துச்சு. பிரிச்சா சிவப்பு ஓரம், லூபே பின்னினது. மாற்றுப் பொருள்னு ஒரு சீட்டு. சரி, அக்கா மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். அம்மாவுக்கு வராதவன், அப்பாவுக்கு இப்படி நின்னு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கட்டும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. பண்ணினது சரிதான்னு பட்டுச்சு. அக்கா குடுத்தத எப்படி வேண்டாம்னு சொல்றது? கட்டிக்கிட்டுப் போனேன்.”

லூபே, அந்தக் குறிப்பு என்னிடம் வரவேயில்லை. சொந்த விஷயம் எழுதினால் அழித்துவிடுவார்களாம், விதிகளில் இருக்கிறது, இப்போது தேடிப் பார்த்தேன். அவனிடம் அதைச் சொன்னேன். அழுதான் என்று நினைக்கிறேன், என் முன்னால் அழக்கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்திருந்தான். நான் மறைக்கவில்லை, நன்றாக அழுதேன்.

சந்தையில் கடையை மூடிவிட்டேன். சர்ச் அறிவிப்புப் பலகையில் என் போன் எண்ணைப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் குறைவுதான். வருகிறவர்களிடம் கேட்டுக் கொடுக்கிறேன். நியூயே தீவுக்காரி என்னை முட்டாள் என்கிறாள், அவள் தொப்பி நன்றாகப் போகிறது.

கராஜில் இருந்த அப்பாவின் பாயை இறக்கி, வெயிலில் போட்டுச் சுருட்டிவிட்டேன். நாளை என் பெயரில், அவன் பெயருக்கு, சாதாரணத் தபாலில் போகிறது. உள்ளே எப்போதும் போல ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அலிசி அத்தையிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல். அவள் திட்டினால் என்னைத் திட்டட்டும்.

உன் அக்கா,
ஃபூசி

லோகன், பிரிஸ்பேன்
அக்டோபர் 14

மதிப்பிற்குரிய ஃபூசி அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் என் வீட்டாரும் சுகம். உங்கள் கால் ஊன்றி நடக்க முடிகிறதா? எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய் வந்து சேர்ந்தது. இங்கேயும் சோதனைக்காரர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மாற்றி அனுப்பவில்லை. கிழிசல் எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. என் மனைவி இங்கேயே பிறந்தவள், ஊசி நூல் எடுத்துக்கொண்டு வந்தாள். தொடாதே என்றேன். கட்டிப் பார்த்தேன். காது வரைக்கும் வருகிறது. அப்பாவின் தைல வாசனை இன்னும் இருக்கிறது.

உள்ளே நீங்கள் வைத்த சீட்டைப் படித்தேன். எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள். செத்தது யார், அவர் உனக்கு என்ன முறை என்று. பதில் வராமல் நீங்கள் யாருக்கும் பாய் கொடுப்பதில்லை என்று லூபே சொன்னாள். எனக்கு முதலிலேயே அனுப்பிவிட்டீர்கள். ஆனாலும் பதில் எழுதுகிறேன்.

செத்தது என் அப்பா. நான் அவர் மகன்.

நவம்பரில் கல் இடுவதற்கு முந்தின நாள் நெய்ஆஃபுவில் இறங்குகிறேன். வெள்ளைப் பாயையும் கொண்டுவருகிறேன், அத்தை காலடியில் வைக்க. வீட்டுக்குள் வரவில்லை. மண்ணடுப்புப் பக்கம் எனக்கும் ஒரு வேலை வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
செமீசி